ரிப்போர்ட் எல்லாம் நார்மல் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 69. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலமிழந்துவிட்டன. பிடித்துக்கொண்டால் பத்தடி நடப்பார். இருபது வருஷமாகச் சர்க்கரை உண்டு. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறார். போன வாரம் செக்கப் போனோம். பி.பி. கட்டுக்குள் இருக்கிறது, சர்க்கரைக்கான ஹெச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனையில் 6.8, கிட்னிக்கும் ஒன்றுமில்லை. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்றார் டாக்டர். ஆனால் அம்மா, "என்னமோ மாதிரி இருக்குடி, உடம்பு நல்லால்ல" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே மிஞ்சுகிறது. காலை பதினொரு மணி வாக்கில் வேர்த்துப் படபடப்பாக வருகிறது என்று படுத்துவிடுகிறார். மலச்சிக்கல், ராத்திரித் தூக்கமில்லை. முன்பு பூ கட்டிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசுவார். இப்போது கேட்டால்தான் பதில்.

நர்சிங் படிக்கும் அக்கா மகளின் புத்தகத்தில் ஹோலிஸ்டிக் நர்சிங் (நோயை மட்டும் பார்க்காமல் முழு மனுஷரையும் பார்க்கும் செவிலியம்) என்று ஒரு பாடம் இருக்கிறது. அதே பெயரில் ஒரு வீட்டுச் சேவைக்காரர்கள் எண்ணெய் மசாஜ், மூலிகைச் சாறு, தியான இசை என்று மாதப் பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். இதுதான் அதுவா? எல்லாம் நார்மல் என்றால் அம்மா ஏன் நன்றாக இல்லை?

– ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா சொல்வதை நம்புங்கள். டாக்டர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். அக்கா மகளின் பாடப்புத்தகம் ஆரோக்கியம், நலம், நோய் என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது இதற்காகத்தான்.

நோய் உறுப்பில் நடக்கிறது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, கணையம் போதிய இன்சுலின் சுரக்கவில்லை என்பதெல்லாம் நோய். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டிவிடும். உடம்பு நல்லால்ல என்பது அந்த மனுஷி அனுபவிப்பது. அதைக் காட்ட அவர் வாயை விட்டால் வேறு கருவி இல்லை. ரத்த அழுத்தம் 170 இருந்தும் ஒன்றும் தெரியாமல் வயலுக்குப் போய்வருகிறவர் நோயாளிதான், ஆனால் அவர் உடம்பு அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் அம்மா விஷயம் இதற்கு நேர்மாறு.

ஆரோக்கியம் என்றால் நோயில்லாமல் இருப்பது மட்டுமல்ல. உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் முழு நலமாக இருப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 1948-ல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில் எழுதிவைத்தது. நல்ல விளக்கம். ஆனால் அந்த 'முழு' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், சர்க்கரையோடு வாழும் ஒருவர் சாகும்வரை ஆரோக்கியம் இல்லாதவர் ஆகிவிடுவார். நெதர்லாந்தின் டாக்டர் மாக்டெல்ட் ஹூபரும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வேறு ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: வந்ததற்கு ஏற்ப வாழ்க்கையை மாற்றியமைத்துக்கொண்டு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன்தான் ஆரோக்கியம். உங்கள் அம்மாவுக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் பொருந்தும்.

அமெரிக்க டாக்டர் ஜான் டிராவிஸ் 1972-ல் போட்ட ஒரு கோட்டை நர்சிங் மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். கோட்டின் இடக்கோடியில் அகால மரணம், வலக்கோடியில் உயர்ந்த நலம், நடுவில் நோயும் தெரியாத நலமும் தெரியாத ஒரு புள்ளி. சிகிச்சை ஒருவரை இடப்பக்கத்திலிருந்து அந்த நடுப்புள்ளி வரை கொண்டுவரும். அங்கிருந்து நகர்த்துவது பராமரிப்பும் கற்றுக்கொடுப்பதும் அவருடைய சொந்த முயற்சியும்தான். "ரிப்போர்ட் நார்மல்" என்பது அந்த நடுப்புள்ளி. நோய் தீராதவரும் இந்தக் கோட்டில் வலப்பக்கம் நகரலாம் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். கடிதத்தை வைத்துக்கொண்டு நோய் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு நல்ல செவிலியர் உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கெல்லாம் பார்ப்பார் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்தத் தட்டு. மிஞ்சிய பாதி எந்தப் பாதி என்று இன்று இரவே பாருங்கள். இடது கை கால் விழுந்தது என்றால் அடிபட்டது மூளையின் வலப்பக்கம். இவர்களில் பலருக்கு இடப்பக்கத்தின் மீது கவனமே போகாது. கண்ணில் கோளாறு இருக்காது, ஆனாலும் இடப்பக்கம் இருப்பது மனதில் பதியாது. தட்டின் வலப்பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார்கள். வீட்டார் பசியில்லை என்று எடுத்துக்கொண்டு போவார்கள். மிஞ்சுவது எப்போதும் இடப்பாதிதான் என்றால் தட்டைத் திருப்பி வையுங்கள், மீதியையும் சாப்பிடுவார். பிறகு, "இடப்பக்கம் பாரும்மா" என்று ஒவ்வொரு வேளையும் சொல்லிப் பழக்குங்கள். தட்டின் இடது ஓரத்தில் பளிச்சென்று சிவப்பு ரிப்பனோ டேப்போ ஒட்டினால், அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பக் கற்றுக்கொள்வார். நடக்கும்போது இடது தோள் கதவில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இதை டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கட்டாயம் சொல்லுங்கள். ஐந்து நிமிட செக்கப்பில் தட்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது இருமுகிறாரா, தண்ணீர் குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, டீஸ்பூனால் கொடுங்கள். இவர்களுக்குத் தண்ணீர்தான் கஷ்டம், கெட்டியான கஞ்சி எளிது. முடிந்ததும் இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்துவிட்டு, அரை மணி நேரமாவது உட்காரவையுங்கள்.

அடுத்து, பதினொரு மணிப் படபடப்பு. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினை வரவைக்கும் மாத்திரை. சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். காலை இட்லியில் பாதி தட்டிலேயே நின்றுவிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து வேர்வையும் படபடப்பும் வரலாம். ஹெச்.பி.ஏ.1.சி. இதைக் காட்டிக்கொடுக்காது. அது ஏறக்குறைய மூன்று மாதத்துச் சராசரி. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டி 6.8 என்று அழகான எண்ணாக வந்து நிற்கும். அம்மாவின் வயதில், இந்த நிலையில், சர்க்கரை தாழ்ந்துபோவது சற்று ஏறி நிற்பதைவிட ஆபத்து. விழுவார், இடுப்பு எலும்பு முறியும்.

அடுத்த முறை படபடப்பு வரும்போது, படுக்கவைப்பதற்கு முன் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, உட்காரவைத்துக் கொடுங்கள். விழுங்கச் சிரமம் இருந்தால் அதே சர்க்கரையைக் கஞ்சியில் கலந்து ஸ்பூனால் கொடுக்கலாம். பிஸ்கட்டும் சாக்லேட்டும் வேண்டாம், அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. தாண்டியதும் சாப்பாடு. இந்த மாத்திரையின் வேலை நெடுநேரம் நீடிக்கும் என்பதால் அன்று முழுக்கக் கவனம் தேவை. நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருமுறை 70-க்குக் கீழே பார்த்தாலும் மறுநாளே டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். மாத்திரையையோ அளவையோ மாற்றுவது அவர் முடிவு. ஒருவேளை சர்க்கரை சரியாக இருக்கும்போதே படபடப்பு வருகிறது என்றால், இதயத் துடிப்பில் கோளாறா என்று பார்க்க வேண்டும். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

மலச்சிக்கலுக்கு வீட்டில் எல்லோரும் வாழைப்பழம் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. ராத்திரி எழுந்து சிறுநீர் கழிக்க மகளை எழுப்ப வேண்டுமே என்ற கூச்சத்தில், பல தாய்மார்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், வயிறு மந்தமாகும், சாப்பாடு இறங்காது, அப்போது சர்க்கரை தாழும். சிறுநீர்த் தொற்று வரும், வயதானவர்களுக்கு அது காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாகவும் சோர்வாகவும் தெரியலாம். ஒரு கூச்சத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். உடலும் மனமும் வீட்டு நிலைமையும் ஒன்று என்று ஹோலிஸ்டிக் நர்சிங் சொல்வது தத்துவம் இல்லை, இந்தச் சங்கிலிதான். இதில் மலச்சிக்கல் என்ற ஒரு கண்ணிக்கு மட்டும் மருந்து கொடுத்தால், மருந்து நின்றதும் திரும்ப வரும்.

இங்கே வைத்தியம் தண்ணீரில் இல்லை, கூச்சத்தில் தொடங்க வேண்டும். கமோடு நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே, பலமுள்ள வலப்பக்கம் போடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் பகலில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை நீங்களே உட்காரவையுங்கள். கேட்க வேண்டியில்லாதபோது கூச்சம் பாதி போய்விடும். கதவைச் சாத்துங்கள், இல்லை ஒரு திரை கட்டுங்கள். இதயத்துக்கோ கிட்னிக்கோ தண்ணீர்க் கட்டுப்பாடு சொல்லியிருக்காவிட்டால், நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவில், அதில் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். இரவு வலது கைக்கு எட்டும்படி ஒரு மணி இருக்கட்டும்.

இடது கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பாதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு அந்த இழுப்பில் நழுவும். ராத்திரித் தூக்கம் கெடுவதற்கு இந்தத் தோள்வலியே காரணமாக இருக்கக்கூடும். உட்காரும்போதும் படுக்கும்போதும் அந்தக் கையைத் தலையணையில் தாங்கிவையுங்கள். நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதால் வால் எலும்பையும் குதிகால்களையும் தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள். நம் நிறத் தோலில் படுக்கைப்புண்ணின் தொடக்கம் சிவப்பாகத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ இறுகியோ இருந்தால் அதுதான். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ளே இருக்கும் திசு இன்னும் சிதையும். அழுத்தத்தை எடுத்துவிடுங்கள்.

பேச்சு குறைந்தது பற்றி எழுதியிருந்தீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை போய்விட்டதே என்ற துக்கம் ஒரு பக்கம், மூளையில் ஏற்பட்ட சேதமே இன்னொரு பக்கம். இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமே இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, இனி என்ன என்று இருந்ததா? இதில் ஒன்றுக்காவது பாதி நாளுக்குமேல் ஆமாம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு, பலனும் உண்டு. செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அதோடு பூ. பூ கட்ட இரண்டு கை வேண்டும். அவருக்குப் பூ கட்டுவது பொழுதுபோக்காக இருந்திருக்காது. வீட்டில் தனக்கு ஒரு வேலை, தெருவில் நாலு பேரோடு ஒரு பேச்சு, சாமிக்குத் தன் கையால் ஒரு சரம் எல்லாமே அதுதான். ஹோலிஸ்டிக் நர்சிங் பாடத்தில் ஆன்மிகத் தேவை என்று ஒரு தலைப்பு இருக்கும். கோயிலுக்குப் போவது மட்டுமல்ல, தான் இருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறதா என்பதும் அதில் அடங்கும். ஒரு கையால் கீரை ஆயலாம், பூவைத் தரம் பிரிக்கலாம், அக்கா மகளுக்குப் பூ கட்டச் சொல்லித்தரலாம். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பார்க்க வருகிறவர்கள், "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவது நோயாளியை எவ்வளவு களைப்பாக்குகிறது என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே தன் நூலில் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அந்த ஆறுதலைவிட, "உன்னால முடியாம போனதுல எதும்மா ரொம்ப வருத்தம்?" என்ற ஒரு கேள்வி மேல். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. பார்த்துக்கொள்கிறவரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். வாரத்தில் இரண்டு இரவாவது இன்னொருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்று உடன்பிறந்தவர்களிடம் கேட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

இப்போது அந்தப் பேக்கேஜ். எண்ணெய் தேய்ப்பதிலும் இசையிலும் மெதுவாக மூச்சு விடப் பழக்குவதிலும் பிழையில்லை, அம்மாவுக்குப் பிடித்தால் நீங்களே செய்யலாம். எண்ணெயைச் சூடு பண்ணும்போது உங்கள் கையில் விட்டுப் பாருங்கள், அந்த இடது பக்கத்துக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஹோலிஸ்டிக் நர்சிங்கே இல்லை. அமெரிக்காவில் 1981-ல் இதற்கென்று ஒரு செவிலியர் சங்கம் உண்டானது. 2006-ல் அந்நாட்டுச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. அது மருத்துவத்தோடு சேர்ந்து நடப்பது, அதற்குப் பதிலாக வருவது இல்லை. அடைப்பால் பக்கவாதம் வந்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ கிளோபிடோகிரெலோ கொடுத்திருப்பார்கள். அதையும் பி.பி. மாத்திரையையும் நிறுத்தினால் அடுத்த பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். மூலிகைச் சாற்றில் என்ன சேர்கிறது, அது இந்த மாத்திரைகளோடு எப்படி நடந்துகொள்ளும் என்று டாக்டரைக் கேட்காமல் ஒரு வாய்கூட வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, நல்ல கை திடீரென்று தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். எந்த மணிக்குத் தொடங்கியது என்பதைத்தான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள்.