மாரோவிண்ட்: மோட் போட்டு ஆடுவதா, அப்படியே ஆடுவதா? (கேள்வி பதில்)

தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மாரோவிண்ட். 2002 மே மாதம் பெதஸ்டா வெளியிட்ட வீடியோ ஆட்டம். இன்றைக்கும் புதிதாக ஒருவர் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, மோட் (ஆட்டத்தை மாற்றுகிற கூடுதல் கோப்பு) போடவா வேண்டாமா என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் கேள்விகளை மொத்தமாக வாங்கி இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழுது பார்க்கிற மோட்டை முதல் நாளே போடுங்கள், ரசனைக்கான மோட்டை இருபது மணி நேரம் ஆடிய பிறகு போடுங்கள். இதில் சண்டைக்கு வருகிறவர்களும் வரலாம்.

சாம்பல்புயல்: அண்ணா, நேற்றுதான் வாங்கினேன். ஒரு வீடியோவில் 300 மோட் பட்டியல் போட்டு எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். உண்மையிலேயே எது கட்டாயம்?

முந்நூறு மோட் ஏற்றி முடிக்கும்போது ஆடுகிற ஆசையே போய்விடும், தம்பி. இரண்டு வழிதான். ஆட்டத்தை ஓட்டுகிற பழைய எஞ்சினிலேயே ஆடுவதென்றால் மாரோவிண்ட் கோட் பேட்ச், கூடவே பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ். முதலாவது ஆட்டத்தின் exe கோப்பில் இருக்கிற கோளாறுகளைச் சரிசெய்யும். இரண்டாவது உரையாடல் பிழை, முடிக்க முடியாமல் நிற்கிற குவெஸ்ட் (ஆட்டம் தருகிற பணி), சுவருக்குள் புதைந்த பெட்டி மாதிரி சமாச்சாரங்களை மட்டும் சரிசெய்யும், தன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காது. இன்னொரு வழி ஓபன்எம்டபிள்யூ. 2008இல் தொடங்கி தன்னார்வலர்கள் எஞ்சினையே முதலிலிருந்து திரும்ப எழுதியது, இலவசம், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் கோப்புகள் அதற்கு வேண்டும். அதில் கோட் பேட்ச் தேவையில்லை, பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ் மட்டும் போதும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஓபன்எம்டபிள்யூவைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மோட்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், ஆட்டத்தின் அசல் ஃபோல்டரில் கை வைக்கவே வேண்டாம், சொதப்பினால் ஒரு வரியை அழித்தால் சரியாகிவிடும்.

வடசென்னை வாரியர்: ப்ரோ, எலியைக் குத்தினால் பத்துக்கு எட்டு குத்து காற்றில் போகிறது. கண்ணெதிரே கத்தி எலிமேல் படுகிறது, ஆனால் படவில்லை என்கிறான். எப்போதும் படுகிற மாதிரி மோட் இருக்கிறதாமே, போட்டுவிடவா?

என்ன ஆள், என்ன கத்தி என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. ரெட்கார்ட் இனத்து வீரன், லாங் பிளேட் (நீள்வாள்) முக்கியத் திறன், கையில் இருப்பது சுங்க அலுவலக மேசையிலிருந்து எடுத்த இரும்புக் கட்டாரி. சரியா?

அடி படுகிற வாய்ப்பின் கணக்கைப் பாருங்கள். ஆயுதத் திறன், அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். வந்த எண்ணை உங்கள் களைப்பு பெருக்கும்: மூச்சைக் காட்டுகிற பச்சைக் கோடு முழுதாக இருந்தால் 1.25, காலியாக இருந்தால் 0.75. கட்டாரி ஷார்ட் பிளேட் (குறுவாள்) வகை, அதில் உங்கள் திறன் வெறும் 10. அதனுடன் அஜிலிட்டியின் 8, லக்கின் 4 சேர்ந்தால் 22. மூச்சு நிறைய இருந்தாலும் 27.5 சதவீதம்தான். நீங்கள் கப்பலிலிருந்து இறங்கியதும் ஓடிக்கொண்டே போய் எலியைப் பார்த்திருப்பீர்கள், ஓட ஓட பச்சைக் கோடு குறையும், காலியானால் 16.5. இதிலிருந்து எலி விலகுகிற திறன் வேறு கழியும். அதே ஆள் ஒரு நீள்வாளை எடுத்தால் திறன் 50, மொத்தம் 62, மூச்சு இருந்தால் 77.5 சதவீதம். எலி அதே எலிதான், உங்கள் கையில் இருந்த ஆயுதம்தான் தப்பு.

எப்போதும் படும் மோட்டைப் போட்டால் அஜிலிட்டி, களைப்பு, பயிற்சிக்குக் கொடுக்கிற காசு எல்லாம் அர்த்தமில்லாமல் போகும். இருபது மணி நேரம் கழித்து எல்லா அடியும் படத் தொடங்கும்போது வருகிற அந்த மிதப்பும் போய்விடும். நடந்து போங்கள், சரியான வாளை எடுங்கள். அப்புறமும் எரிச்சலாக இருந்தால் மோட் எங்கேயும் ஓடிவிடாது.

மெதுநடை: ஓடுங்கள் என்றால் களைப்பு, நடந்து போங்கள் என்றால் ஆமை வேகம். வேக மோட்டாவது போடலாம்தானே?

போடுவதற்கு முன்னால் கால்டெரா பக்கம் போய் வாருங்கள். சாலையில் பெமேனி என்று ஒரு பெண் வியாபாரி நிற்பாள், நார் மோக் வரை துணைக்கு வரச் சொல்வாள். கூலியாகக் கிடைப்பது பூட்ஸ் ஆஃப் பிளைண்டிங் ஸ்பீட். வேகம் 200 கூடும், ஆனால் போட்டதும் திரை இருண்டு கண் தெரியாது. ஏமாற்றிவிட்டாள் என்று பலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். விஷயம் என்னவென்றால், பூட்ஸை மாட்டுகிற அந்த நொடியில் மந்திர எதிர்ப்பு நூறு சதவீதம் இருந்தால் குருட்டுத்தனம் ஒட்டாது, வேகம் மட்டும் ஒட்டும். ஒரே ஒரு நொடி நிற்கிற மந்திரம் போதும். பிரெட்டன் இனத்துக்குப் பிறவியிலேயே பாதி எதிர்ப்பு உண்டு. வேக மோட் இதைத்தான் செய்யும், ஆனால் நீங்களாகக் கண்டுபிடித்தோம் என்கிற சந்தோஷத்தை அது தராது. தூரப் பயணத்துக்கு சில்ட் ஸ்ட்ரைடர் என்கிற ராட்சதப் பூச்சி, படகு, மேஜஸ் கில்ட் (மந்திரவாதிகள் சங்கம்), இடத்தைக் குறித்துத் திரும்புகிற மார்க், ரீகால் மந்திரங்கள் என்று ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பஸ் ரூட் இருக்கிறது. அதைப் பழகிக்கொண்டால் நடக்கிற தூரம் பாதியாகக் குறையும்.

மங்கலான கண்: கிராபிக்ஸ்? இவ்வளவு பனிமூட்டத்தில் எப்படி ஆடினீர்கள்?

உண்மையைச் சொன்னால் பனிமூட்டத்தின் பக்கம் நிற்கிற ஆள் நான், திட்டாதீர்கள். ஆட்டம் நடக்கிற வார்டன்ஃபெல் தீவு பெரியது மாதிரி தெரிவதற்குக் காரணமே அந்த மூட்டம்தான். ஒருமுறை எம்ஜிஇ எக்ஸ்இ என்கிற கிராபிக்ஸ் மோட் போட்டு தூரக் காட்சியை முழுக்கத் திறந்துவிட்டு, தொடக்க ஊரான செய்டா நீன் மேட்டில் ஏறி நின்றேன். விவெக் நகரத்தின் கூம்புகள், அந்தப் பக்கம் ரெட் மவுண்டன், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாள் பயணம் என்று மனதில் இருந்த ஊர் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. இப்போது ஓபன்எம்டபிள்யூவில் தூரத்தைக் கொஞ்சம் கூட்டி, மூட்டத்தையும் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஆடுகிறேன்.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேல்பரப்புப் படம்) மோட் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அசல் ஓவியத்தைத் தெளிவாக்குகிற வகையாகப் பாருங்கள், மாரோவிண்ட் என்ஹான்ஸ்ட் டெக்ஸ்சர்ஸ் மாதிரி. பத்துப் பேர் பத்து விதமாக வரைந்ததைக் கலந்து போட்டால் பால்மோராவில் ஒரு வீடு கல்யாண மண்டபம் மாதிரியும் பக்கத்து வீடு பாழடைந்த கோயில் மாதிரியும் நிற்கும்.

வனிலா வெறியன்: ஆட்டத்தை உருவாக்கியவர்கள் எப்படிக் கொடுத்தார்களோ அப்படி ஆடுவதுதான் மரியாதை. மோட் போடுவது ஏமாற்று வேலை இல்லையா?

உருவாக்கியவர்களே கணினிப் பதிப்போடு கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்கிற மோட் செய்யும் கருவியையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல் சீஜ் அட் ஃபயர்மாத், பிட்டர் கோஸ்ட் சவுண்ட்ஸ் என்று சின்னச் சின்ன பிளகின்களை (ஆட்டத்தோடு சேர்க்கிற கோப்புகள்) தாங்களே இலவசமாக வெளியிட்டார்கள். சமைத்த சாப்பாட்டோடு உப்பு டப்பாவையும் மேசையில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

ஏமாற்று என்றால் வனிலாவைப் போல, அதாவது மோட் இல்லாத அசல் ஆட்டத்தைப் போல, ஏமாற்ற எந்த மோட்டாலும் முடியாது. அறிவைக் கூட்டுகிற மருந்தைக் காய்ச்சிக் குடி, அந்த அறிவோடு அடுத்ததைக் காய்ச்சு, அதையும் குடி, பத்து சுற்றில் நீ கடவுள். ஒரு தீவில் பேசுகிற நண்டு ஒன்று பத்தாயிரம் பொன்னோடு உட்கார்ந்துகொண்டு நீ கொண்டுபோகிற பொருளை முழு விலைக்கு வாங்கும். இதெல்லாம் அசல் ஆட்டம்தான், ஐயா. என் வருத்தம் வேறு: ஆட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது என்று தெரிவதற்கு முன்பே அதை மாற்றிவிடுகிறார்கள்.

வழிதவறியவன்: போக வேண்டிய இடத்தைக் காட்டுகிற குவெஸ்ட் அம்புக்குறி மோட் பற்றி?

முதல் ஆட்டத்தில் வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டுவெமர் என்கிற பழைய இனத்தின் புதிர்ப் பெட்டியைத் தேடி ஆர்க்ந்தாண்ட் இடிபாட்டுக்குப் போகிற குவெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். பால்மோராவிலிருந்து தெற்கே இறங்கி, மூன்மாத் கோட்டையைத் தாண்டி, கிழக்கே திரும்பி, பழைய பாலத்தைக் கடந்து போக வேண்டும். போனால் கதவு மூடியிருக்கும், சுற்றிப் பார்த்தால் குழாயில் ஒரு திருகு, அதைத் திருப்பினால் திறக்கும். அம்புக்குறி இருந்திருந்தால் பாலத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள், குழாயையும் பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்டி என்னவோ உள்ளே ஒரு அலமாரியில் சின்னதாகக் கிடக்கும், அதன் முன்னால் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் தேடியவர்களில் நானும் ஒருவன். அதற்காக மட்டும் யாராவது மோட் போட்டால் மன்னித்துவிடுவேன்.

கூட்டல் கணக்கு: லெவல் ஏறும்போது பண்புகளை (அஜிலிட்டி மாதிரி) ஐந்து ஐந்தாகக் கூட்ட பேப்பரில் கணக்குப் போட்டு ஆட வேண்டுமா? வெறுப்பாக இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். ஒரு பண்புக்குக் கீழ் வருகிற திறன்கள் பத்துமுறை ஏறினால் ஐந்து புள்ளி என்பது உண்மைதான், ஆனால் இந்த ஆட்டத்தில் உலகம் பெரும்பாலும் உங்களோடு சேர்ந்து வளர்வதில்லை. லெவலை எப்படி ஏற்றினாலும் கடைசியில் நீங்கள் பலசாலிதான். பேப்பரை எடுத்தே தீருவேன் என்கிற கை அரிப்பு இருந்தால் என்சிஜிடி மோட் போடுங்கள், திறன் ஏற ஏற பண்பு தானாக ஏறும். முதல் நாளே போட்டாலும் தப்பில்லை என்று நான் சொல்கிற ஒரே விளையாட்டு முறை மோட் இதுதான்.

தூக்கம் கெட்டவன்: முதல் லெவலில் தூங்கினேன், கறுப்பு உடையில் ஒருவன் வந்து கொன்றுவிட்டான். கோளாறா?

கோளாறு இல்லை, 2002 கடைசியில் வந்த ட்ரிப்யூனல் விரிவாக்கம். கதைப்படி உங்களைக் கொல்ல ஆள் அனுப்புகிறார்கள், ஆனால் நீங்கள் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே அனுப்பிவிடுகிறார்கள். தப்பித்தவறி அவனைக் கொன்றுவிட்டால் அது இன்னும் மோசம், அந்தக் கவசத்தை விற்றால் முதல் வாரமே பணக்காரனாகிவிடுவீர்கள். தாக்குதலைத் தள்ளிப்போடுகிற குட்டி மோட்கள் நிறைய இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போடுங்கள்.

பறவை பயம்: கிளிஃப் ரேசர் என்கிற அந்தப் பறக்கும் தொல்லையை என்ன செய்வது?

மோட் போட்டுக் குறைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2006இல் வந்த அடுத்த ஆட்டமான ஆப்லிவியனில், கப்பலில் உங்களை எழுப்பிவிட்ட ஜியூப் வார்டன்ஃபெல்லிலிருந்து அவற்றை ஒழித்ததற்காகப் புனிதர் பட்டமே வாங்கிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்வார்கள். எவ்வளவு பேர் திட்டியிருக்க வேண்டும்!

நடுவழி: நாற்பது மணி நேரம் ஆடிவிட்டேன். பாதியில் மோட் சேர்க்கலாமா, எடுக்கலாமா?

சேர்ப்பது பெரும்பாலும் பரவாயில்லை. எடுப்பதுதான் ஆபத்து. ஒருமுறை பால்மோராவில் ஆற்றோரம் அழகான வீடு தருகிற மோட் போட்டேன். எண்பது மணி நேரச் சேமிப்பு, சேர்த்த கவசம், புத்தகம், தலையணை உட்பட எல்லாம் அந்த வீட்டில். பிறகு வேறு ஒரு மோட்டோடு மோதுகிறது என்று அந்த பிளகினின் டிக்கை எடுத்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தேன். வீடு இருந்த இடத்தில் வெறும் மண். பொருளும் போச்சு. சேவ் கோப்பில் அந்த வீட்டின் பெயர் இருந்து பயனில்லை, வீடே பிளகினுக்குள் அல்லவா இருந்தது. அதனால் எதையும் எடுப்பதற்கு முன்னால் பொருளையெல்லாம் அசல் ஆட்டத்தின் பெட்டி ஒன்றுக்கு மாற்றுங்கள், தனி சேவ் ஒன்றும் வையுங்கள்.

இன்னொன்று. மிகப் பழைய மோட்கள் சிலவற்றில் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டின் கோளாறால் 72 அமைப்புகள் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், செய்தவருக்கே தெரியாது. டெஸ்3சிஎம்டி என்கிற கருவியால் துடைத்துவிடலாம்.

பழைய லேப்டாப்: என் கணினி ஓட்டை. ஓடுமா?

ஓடும். தூரக் காட்சியையும் நிழலையும் குறைத்து வையுங்கள்.

கிழக்குக் கரை: தாம்ரியல் ரீபில்ட் இப்போதே போடலாமா? ஸ்கைவிண்ட் வரும் வரை காத்திருக்கவா?

தாம்ரியல் ரீபில்ட் ஒரு தவம். ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே, 2001இல் தொடங்கியது. தீவுக்கு வெளியே இருக்கிற மாரோவிண்ட் பெருநிலத்தைத் தன்னார்வலர்கள் ஊர் ஊராகக் கட்டுகிறார்கள், 2025இல் நார்சிஸ் நகரம் வந்தது. தரத்தில் அசலுக்கு இணை, சில இடங்களில் ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன். போட்டு வைத்தாலும் தொந்தரவு இல்லை, படகேறிப் போனால்தான் அங்கே போவீர்கள். ஆனால் முதல்முறை ஆடுகிறவர் வழியிலேயே அங்கே இறங்கிவிட்டால் முக்கியக் கதையை அடுத்த வருடம்தான் முடிப்பார். ஸ்கைவிண்ட், இதே தொடரின் பிந்தைய ஆட்டமான ஸ்கைரிமின் எஞ்சினில் மாரோவிண்டையே திரும்பச் செய்கிற முயற்சி, பல வருடமாக வேலை நடக்கிறது. அதற்காகக் காத்திருக்காதீர்கள், வந்தால் அதையும் ஆடிக்கொள்ளலாம்.

வானத்திலிருந்து விழுந்தவன்: செய்டா நீன் தாண்டியதும் ஒருவன் கத்திக்கொண்டே வானத்திலிருந்து விழுந்து செத்தான். அவனிடம் மூன்று சுருள் இருந்தது. ஒன்றைப் படித்துவிட்டுக் குதித்தேன், பாதித் தீவைத் தாண்டி விழுந்து நானும் செத்தேன். இது பக் தானே? எந்த மோட் சரிசெய்யும்?

அவன் பெயர் டார்ஹியல், அந்தச் சுருள் குதிக்கிற திறனை ஆயிரம் புள்ளி கூட்டும், ஏழே ஏழு நொடிக்கு. ஏறும்போது இருக்கிற திறன் இறங்கும்போது இருக்காது, அவன் செத்ததும் அப்படித்தான். சேவ் செய்துகொள்ளுங்கள். முதல் சுருளைப் படித்துக் குதியுங்கள், மேலே போனதும் இரண்டாவதைக் கையில் தயாராக வைத்திருங்கள், தரை தெரிகிறபோது படியுங்கள். மூன்றாவது மிச்சம், திரும்பி வருவதற்கு அது போதாது.