முன்பதிவுக் கருவியும் வலைப்பதிவும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சந்திப்புக்கு நேரம் குறிக்க உதவும் காலண்ட்லி, கால்.காம் போன்ற முன்பதிவுக் கருவிகளை, வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸோடு இணைத்துத் தருவது என் வேலை. இந்த இணைப்பில் என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

யோகா ஆசிரியை ஒருவர்: என் வலைப்பதிவைப் படிப்பவர்கள் அங்கேயே வகுப்புக்கு நேரம் குறிக்க வேண்டும். இதற்கு, சேவைகளைத் தானாக இணைக்கும் ஜாப்பியர் கருவியை வாங்க வேண்டுமா?

வேண்டாம். காலண்ட்லி தரும் எம்பெட் கோடை (நாள்காட்டியைப் பக்கத்துக்குள் பொருத்தும் சிறு நிரல் துண்டு) எடுத்து, வேர்ட்பிரஸில் 'கஸ்டம் எச்.டி.எம்.எல்' பிளாக்கில் ஒட்டினால் போதும். நாள்காட்டி பக்கத்துக்குள்ளேயே தெரியும். இடம் குறைவு என்றால் பட்டனை அழுத்தியதும் திறக்கும் வகை இருக்கிறது. ஒருவர் புக் செய்த பிறகு வலைப்பதிவில் தானாக ஏதாவது நடக்க வேண்டும் என்றால்தான் ஆட்டோமேஷன் தேவை.

நேர்காணல் பதிவுகள் எழுதுபவர்: அந்த 'ஏதாவது' என்னவாக இருக்கலாம்? எனக்குப் பயன்படுமா?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் மிகவும் பயன்படும். விருந்தினர் காலண்ட்லியில் நேரம் குறிக்கிறார். அந்தப் படிவத்திலேயே பேசவிருக்கும் தலைப்பு, அவரைப் பற்றி நான்கு வரி, தள முகவரி ஆகியவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அவர் உறுதி செய்த நொடியில் காலண்ட்லி ஒரு வெப்ஹூக், அதாவது 'இது நடந்தது' என்ற தானியங்கிச் செய்தி, அனுப்பும். அதை ஜாப்பியரோ, அதே வேலையைச் செய்யும் மேக் (Make), என்8என் (n8n) கருவிகளோ பிடித்து, வேர்ட்பிரஸில் ஒரு வரைவை உருவாக்கும். தலைப்பில் பெயர், உள்ளே அவருடைய அறிமுகம், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எல்லாம் அதில் தயாராக இருக்கும். நேர்காணல் முடிந்து உட்காரும்போது வெற்றுப் பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நேர்காணல் செய்பவருக்கே இது பெரிய நிம்மதி.

அதே நேர்காணலாளர்: வரைவு எதற்கு? நேரடியாகவே வெளியிட்டுவிடலாமே?

தயவுசெய்து வேண்டாம். வேர்ட்பிரஸ் ஏ.பி.ஐயில் (வெளிக் கருவிகள் தளத்தோடு பேசும் வழி) நிலையைக் குறிப்பிடாமல் அனுப்பினால் பதிவு வரைவாகத்தான் நிற்கும். ஆனால் இணைப்புக் கருவிகளில் 'பப்ளிஷ்' என்று தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் இருக்கும். ஆரம்ப காலத்தில் ஆலோசகர் ஒருவருக்கு நான் அமைத்துக் கொடுத்ததில் அந்தக் கட்டத்தைச் சரிபார்க்காமல் விட்டேன். ஆலோசனைக்கு நேரம் கேட்ட ஒரு பெண்ணின் பெயரும், 'ஏன் சந்திக்க விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு அவர் எழுதிய அந்தரங்கமான பதிலும் நாற்பது நிமிடம் பொதுவில் கிடந்தன. நானே அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு மனிதர் ஒருவர் படித்துப் பார்க்காமல் எதையும் வெளியிடும் ஒர்க்ஃப்ளோவை (தானாக ஓடும் வேலைத் தொடரை) நான் அமைப்பதில்லை. முன்பதிவுப் படிவத்தில் எழுதுபவர் உங்களிடம் மட்டும் பேசுவதாக நினைத்து எழுதுகிறார். மின்னஞ்சல், தொலைபேசி எண் இரண்டையும் வரைவுக்குள்கூடக் கொண்டுபோகாதீர்கள். பெயரை வெளியிடலாமா என்று படிவத்திலேயே ஒரு கேள்வி வைத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவர்: அண்ணா, காலண்ட்லியின் இலவசத் திட்டத்தில் வெப்ஹூக் கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு தம்பி. காலண்ட்லியில் வெப்ஹூக் கட்டணத் திட்டத்தில்தான் வரும். ஆனால் இலவசத் திட்டமும் புக்கிங்கை உங்கள் கூகுள் காலண்டரில் எழுதுகிறது அல்லவா? 'காலண்டரில் புது நிகழ்வு' என்பதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கடம்: படிவத்தின் பதில்கள் தனித்தனியாக வராது, நிகழ்வின் விளக்கப் பகுதியில் ஒரே கட்டாக வரும், பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாவது வழி கால்.காம். அதில் இலவசமாகவே வெப்ஹூக் வைக்கலாம். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் நான் அதையே சொல்வேன்.

கணக்கியல் பயிற்சி தருபவர்: ஒருவர் நேரத்தை மாற்றினால் இரண்டு வரைவுகள் வருகின்றன. ரத்து செய்தாலும் பழைய வரைவு அப்படியே கிடக்கிறது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலண்ட்லியைப் பொறுத்தவரை நேரத்தை மாற்றுவது என்று தனியாக ஒரு செய்தி கிடையாது. பழையது ரத்து, புதியது உருவாக்கம் என்று இரண்டு செய்திகளாக அனுப்பும். ரத்துச் செய்திக்குள் 'ரீஷெட்யூல்டு' என்ற குறி உண்மை என்று இருக்கும். புதிய செய்திக்குள் 'ஓல்டு இன்வைட்டீ' என்ற இடத்தில் பழைய புக்கிங்கின் முகவரி இருக்கும். உங்கள் ஒர்க்ஃப்ளோ இதைப் பார்க்காமல், உருவாக்கச் செய்தி வந்தாலே வரைவு போடுகிறது.

ஒரு கூகுள் ஷீட்டில் இரண்டு நெடுவரிசை வையுங்கள்: புக்கிங் அடையாளம் (மேலே சொன்ன முகவரி), வேர்ட்பிரஸ் பதிவு எண். புதிய செய்தி வந்தால் முதலில் பழைய புக்கிங்கின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஷீட்டில் அந்த வரியைத் தேடி, அதே பதிவு எண்ணில் தேதியை மட்டும் திருத்தி, வரியில் புதிய அடையாளத்தை எழுதுங்கள். இல்லையென்றால்தான் புது வரைவு; அதையும் ஷீட்டில் புது வரியாக எழுதிவிடுங்கள். ரத்துச் செய்தி வந்து, 'ரீஷெட்யூல்டு' பொய் என்று இருந்தால் மட்டும் வரைவைக் குப்பைக்கு அனுப்புங்கள். இரண்டு செய்திகளில் எது முதலில் வரும் என்பதை நம்பி எதையும் அமைக்காதீர்கள்.

பதிவோடு கூடுதல் தகவலை வைக்கும் வேர்ட்பிரஸ் கஸ்டம் ஃபீல்டிலேயே அடையாளத்தை வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் அந்த ஃபீல்டை ஏ.பி.ஐக்குத் தெரியும்படி கோடில் பதிய வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய மதிப்பு சேமிக்கப்படாது. கோடு எழுதாதவருக்கு ஷீட்தான் எளிது. அடையாளம் ஏற்கெனவே ஷீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் அது உங்களைக் காப்பாற்றும்.

மொழிபெயர்ப்பாளர்: வரைவில் விழும் நேரம் சில மணி நேரம் தள்ளி இருக்கிறது.

காலண்ட்லி அனுப்புவது யூ.டி.சி, அதாவது உலகப் பொது நேரம். வேர்ட்பிரஸில் 'டேட்', 'டேட் ஜி.எம்.டி' என்று இரண்டு இடங்கள் உண்டு; முதலாவது உங்கள் தளத்தின் நேர மண்டலம், இரண்டாவது யூ.டி.சி. வந்த நேரத்தை இரண்டாவதில் போடுங்கள். பதிவின் உள்ளே எழுத்தாகக் காட்டும் நேரத்தை மட்டும் ஆட்டோமேஷன் கருவியின் தேதி ஃபார்மேட்டரில் மாற்றிக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் நேர மண்டலத்தை 'யூ.டி.சி கூட்டல் இத்தனை' என்று வைக்காமல் ஊர்ப் பெயராகத் தேர்ந்தெடுங்கள். கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளில் அதுதான் சரியாக வேலை செய்யும்.

பெயர் சொல்லாத ஒருவர்: இணைப்புக் கருவியில் வேர்ட்பிரஸ் கடவுச்சொல் சரியாகத்தான் கொடுக்கிறேன், 401 (அனுமதி இல்லை) என்ற பிழையே வருகிறது.

நீங்கள் உள்நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் இங்கே செல்லாது. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து 'அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்' என்ற வசதி இருக்கிறது. பயனர் சுயவிவரப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உருவாக்கலாம். 24 எழுத்துகள், ஒரே ஒரு முறைதான் காட்டும். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் தளம் எச்.டி.டி.பி.எஸ்ஸில் (பாதுகாப்பான இணைப்பில்) இல்லை, அல்லது பாதுகாப்பு பிளகின் ஒன்று அதை முடக்கியிருக்கிறது. எல்லாம் சரி, அப்படியும் 401 என்றால், கடவுச்சொல்லைச் சுமந்து வரும் 'ஆத்தரைசேஷன்' ஹெடரை சர்வர் கடத்தாமல் விழுங்குகிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அட்மின் கணக்கில் அந்தப் பாஸ்வேர்டை உருவாக்காதீர்கள். ஆட்டோமேஷனுக்கென்று தனிப் பயனர் ஒன்றைச் சேர்த்து, 'கான்ட்ரிபியூட்டர்' பொறுப்பு கொடுங்கள். அந்தப் பொறுப்பில் வரைவு எழுத மட்டுமே முடியும், வெளியிட முடியாது. படம் ஏற்ற வேண்டுமென்றால் 'ஆத்தர்' தேவை, ஆனால் அதற்கு வெளியிடும் உரிமையும் சேர்ந்தே வரும்.

புகைப்படக் கலைஞர்: என்8என்னில் சோதித்தபோது ஓடியது. மறுநாள் ஒன்றுமே வரவில்லை.

வெப்ஹூக் நோடில் (செய்தியை வாங்கும் கட்டத்தில்) இரண்டு முகவரிகள் இருக்கின்றன: டெஸ்ட், புரொடக்‌ஷன். டெஸ்ட் முகவரி நீங்கள் திரையில் காத்திருக்கும்போது மட்டுமே கேட்கும். காலண்ட்லியில் புரொடக்‌ஷன் முகவரியைக் கொடுத்து, ஒர்க்ஃப்ளோவையும் இயங்கு நிலைக்கு மாற்றுங்கள்.

கூகுளின் பிளாகர் தளத்தில் எழுதுபவர்: இதெல்லாம் எனக்கும் நடக்குமா?

நடக்கும். பிளாகருக்கும் ஏ.பி.ஐ இருக்கிறது, வரைவாகச் சேர்க்கவும் முடியும். தனிப் பாஸ்வேர்ட் இல்லை. கூகுள் கணக்கு வழியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர்: வரைவைப் படித்துப் பார்த்து, காலை ஆறு மணிக்கு வெளிவரும்படி வைத்தேன். எட்டு மணி வரை வரவில்லை. ஆட்டோமேஷன் கோளாறா?

இல்லை சார், அது வேர்ட்பிரஸின் இயல்பு. அதன் உள் கடிகாரம் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ஆறிலிருந்து எட்டு வரை யாரும் வரவில்லை என்றால் பதிவும் காத்திருக்கும். ஹோஸ்டிங் பேனலில் 'கிரான் ஜாப்' (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) என்று இருக்கும் இடத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'டபிள்யூ.பி கிரான்' கோப்பை அழைக்கும்படி அமைத்துவிடுங்கள்.