பை 3-இன் பூட் ஃபைலைப் பிரித்துப் படிக்கலாமா?

கேள்வி: ஊர் களுவாஞ்சிகுடி. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். கையில் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினி போர்ட் இருக்கிறது. அதைத் தொடக்கிவைக்கும் (பூட் செய்யும்) ஸ்டார்ட்.எல்ஃப், மூலநிரல் தராத மூடிய ஃபைல் என்பதால், அதைப் பிரித்துப் படித்து நானே ஒன்று எழுதலாம் என்று யோசிக்கிறேன். எங்கே தொடங்குவது? போர்ட் பழுதாகிவிடுமா?

பதில்: தம்பி, ஸ்டார்ட்.எல்ஃபை இப்போதைக்கு விடுங்கள். அது 3 எம்.பி.க்குக் கிட்ட வரும். உள்ளே த்ரெட்எக்ஸ் என்ற இயங்குதளமே ஓடுகிறது. ஒரு வருடத்துக்குள் ஒருவர் முடிக்கிற வேலை இல்லை. உங்களுக்குத் தோதானது அதற்கு முன் ஓடும் பூட்கோட்.பின் ஃபைல், சுமார் 50 கே.பி.தான்.

பவர் கொடுத்ததும் முதலில் எழுவது ஏ.ஆர்.எம். என்ற முதன்மைச் செயலி அல்ல, வீடியோகோர் 4 என்ற கிராபிக்ஸ் பகுதி. சிப்புக்குள் பொறித்திருக்கும் ரொம் (மாற்றமுடியாத நிரல்), எஸ்.டி. கார்டில் பூட்கோட்.பின்னைத் தேடி எடுக்கும். அந்த நேரம் ராம் தயாரில்லை. ஆகவே அது 128 கே.பி. எல்2 காஷ் என்ற சிப்பின் சிறு நினைவகத்துக்குள் ஏறி, அங்கிருந்தே ஓடி, ராமை எழுப்பும். பிறகுதான் ஸ்டார்ட்.எல்ஃப், கடைசியில் ஏ.ஆர்.எம்மும் கேர்னல் என்ற இயங்குதள மையமும். இதை அறியாமல் ஏ.ஆர்.எம். டிஸஸெம்ப்ளரில் (இயந்திர நிரலைக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) ஃபைலைத் திறந்தால் குப்பைதான் வரும். வீடியோகோருக்குத் தனிக் கட்டளைத் தொகுதி. 16, 32, 48, 80 பிட் என்று நீளமும் மாறும். கிட்ரா என்ற டிஸஸெம்ப்ளரில் பார்க்க அதற்கென ஆர்வலர்கள் எழுதிய மொட்யூல் வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் சிப் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பூட்கோட்.பின்னுக்குள் 'பூட்_யூஆர்ட்=0' என்ற எழுத்துகள் அப்படியே கிடக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலை பைட் பைட்டாகத் திருத்தும் மென்பொருள்) 0-வை 1 ஆக்குங்கள், ஃபைலின் நீளம் மட்டும் மாறக்கூடாது. பிறகு யூ.எஸ்.பி. சீரியல் கேபிளின் ஆர்.எக்ஸ் (வாங்கும்) கம்பியைப் போர்ட்டின் 8ஆம் பின்னுக்கும், டி.எக்ஸ் (அனுப்பும்) கம்பியை 10ஆம் பின்னுக்கும், கிரவுண்டை 6ஆம் பின்னுக்கும் கொடுத்து, சிப் அனுப்பும் செய்தியை 115200 வேகத்தில் பாருங்கள். கேபிள் 3.3 வோல்ட்டாக இருக்கவேண்டும். 5 வோல்ட் சிக்னல் போனால் பின் எரியலாம், போர்ட்டும் போகலாம்.

பழுதாகும் பயத்துக்கு வருவோம். பை 3-இல் பூட் ஃபைல்கள் கார்டிலேயே இருப்பதால், எழுதியது பிழையானால் கார்டை மறுபடி எழுதினால் சரி. சிப்புக்குள் ஒரே தடவை எழுதக்கூடிய ஓ.டி.பி. பிட்டுகள் மட்டும் அப்படியில்லை, எரித்தால் எரித்ததுதான். கொன்ஃபிக்.டெக்ஸ்ட் என்ற அமைப்பு ஃபைலில் 'புரோகிராம்_யூஎஸ்பி_பூட்_மோட்=1' என்று போடுவது அந்த வகை, விளையாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். பை 4-ஐ இரவல் வாங்கவும் வேண்டாம். அதில் பூட்கோட்.பின் செய்யும் இந்த இரண்டாம் கட்டம், கார்டை விட்டுப் போர்ட்டிலுள்ள ஈப்ரொம் என்ற நினைவக சிப்புக்குப் போய்விட்டது.

ராஸ்பெரி பை ஓப்பன் ஃபேர்ம்வேர் என்று ஏற்கெனவே ஒரு திறந்த மாற்று இருக்கிறது. ராமை எழுப்பி, ஏ.ஆர்.எம்மைத் தொடங்கி, லினக்ஸ் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அதை வரிவரியாகப் படித்து, ராம் தொடக்கப் பகுதியை உங்கள் டிஸஸெம்ப்ளியோடு ஒப்பிடுங்கள். எந்த ரெஜிஸ்டரில் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடம்) என்ன மதிப்பு, எந்த வரிசையில் எழுதப்படுகிறது என்ற அட்டவணையே அறிக்கைக்குப் போதுமான சரக்கு. பிறகு பூட்கோட்.பின் இடத்தில் உங்கள் சொந்தச் சிறு நிரலை வைத்து, சீரியலில் ஓர் எழுத்தை வரவையுங்கள். எச்.டி.எம்.ஐ. வழியே திரையில் படம் வரும் என்று மட்டும் மேற்பார்வையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்!

முடிந்தால் ஒருவர் படித்துக் குறிப்பெழுத, இன்னொருவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து நிரல் எழுதட்டும். பதிப்புரிமைச் சிக்கலுக்கு அதுதான் பாதுகாப்பான வழி. நீங்கள் திருத்திய பூட்கோட்.பின்னைப் பொதுவில் ஏற்றவும் கூடாது. அதன் உரிமம் மாற்றாமல் பகிரத்தான் இடம் தருகிறது.