வளவு வீட்டில் ஒரு சிரிப்புப் படம்

கேள்வி: சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம் கோட்டையூர். பதினான்கு வருடமாகச் சினிமாவில் நாயகனின் நண்பன், டீக்கடைக்காரன், மாப்பிள்ளைத் தோழன் என்று நகைச்சுவை வேடங்கள் செய்து வருகிறேன். முழுநீள நகைச்சுவைக் கதை ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். நாயகன், இயக்குநர், தயாரிப்பாளர் மூன்றும் நானே. முக்கால்வாசிப் படம் எங்கள் வளவு வீட்டிலேயே (நடுவில் திறந்த முற்றம் உள்ள செட்டிநாட்டு வீடு) நடக்கும். கையில் 20 லட்சம் இருக்கிறது. இன்னும் 60 லட்சம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் கிடைக்கும். ஆத்தா வேண்டாம் என்கிறார். இறங்கலாமா? கதையில் மஞ்சுவிரட்டுக் காளை ஒன்று வருகிறது. அதற்கு அனுமதி வாங்க வேண்டுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: படத்தை இயக்குங்கள். தயாரிப்பை மட்டும் இந்த முறை வேறொருவர் பார்க்கட்டும்.

முதலில் கணக்கு. 60 லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 1,20,000 ரூபாய். கதை கையில் இருக்கும் நாளிலிருந்து படம் வெளியாகும் நாள்வரை ஒன்றரை வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் போவதும் சகஜம். 18 மாதத்துக்கு வட்டி மட்டும் 21,60,000. உங்கள் கைக்காசு 20 லட்சமும் வட்டிக்கே போய், அதற்கு மேலும் துண்டு விழும். படத்தில் ஒரு ரூபாய்கூடத் தெரியாத செலவு இது. ஆத்தா சினிமாவைப் பற்றிச் சொன்னாரோ, வட்டியைப் பற்றிச் சொன்னாரோ தெரியாது. வட்டி விஷயத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி.

இரண்டாவது காரணம் வேலையைப் பற்றியது. இயக்குநர் "இன்னொரு டேக்" என்பார். தயாரிப்பாளர் மணியைப் பார்ப்பார். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் நகைச்சுவைதான் முதலில் அடிபடும். சிரிப்புக் காட்சி பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது டேக்கில்தான் படியும். வட்டி ஓடுகிற ஆள் இரண்டாவது டேக்கிலேயே "ஓகே" சொல்லிவிடுவார்.

உங்கள் வட்டாரத்துக்காரர் ஒருவர் பணம் போட்ட நல்ல உதாரணம் இருக்கிறது. முப்பதுகளின் நடுவில் நடிக்க வந்த என்.எஸ்.கிருஷ்ணன், பதினைந்து வருடம் கழித்து 1951-ல் 'மணமகள்' படத்தை இயக்கினார். மறு வருடம் 'பணம்' படத்தை இயக்கினார். அதில் பணம் போட்டவர் ஏ.எல்.சீனிவாசன், சிறுகூடல்பட்டிக்காரர், கண்ணதாசனின் அண்ணன். கலைவாணர் இயக்கினார், நடித்தார், பாடினார். தயாரிப்புப் பொறுப்பு இன்னொருவரிடம் இருந்தது. மறுபக்கம் சந்திரபாபு. அவ்வளவு திறமையுள்ள நடிகர், எம்.ஜி.ஆரை வைத்து இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றதில் பெருங்கடனில் விழுந்தார். 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார் என்றாலும் அந்த அடியிலிருந்து அவர் கடைசிவரை முழுதாக எழவில்லை.

சாப்ளினைச் சொல்லி வாதாடுவீர்கள். அவர் 1914-ல் சம்பளத்துக்கு நடிக்க வந்தார். அதே வருடம் இயக்கவும் ஆரம்பித்தார். சொந்த ஸ்டுடியோ 1918-ல்தான். யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படக் கம்பெனி 1919-ல், அதுவும் மூன்று பேரோடு கூட்டாக. நடுவில் இருந்த நான்கு வருடமும் அடுத்தவர் காசில் குறும்படம் குறும்படமாக எடுத்துக் கற்றுக்கொண்டார்.

ஆகவே 20 லட்சத்தில் மூன்று லட்சத்தை மட்டும் தொடுங்கள். கதையிலிருந்து இரண்டு காட்சிகளை எடுத்து, நான்கு நாளில், பன்னிரண்டு நிமிட மாதிரிப் படமாக முடியுங்கள். ஒரு காட்சியில் நீங்கள் நடியுங்கள். இன்னொன்றில் உங்கள் தலையே தெரியக்கூடாது. இயக்கத் தெரிகிறதா என்பதை அந்த இரண்டாவது காட்சிதான் காட்டும். தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும்போது இதையும் காட்டுங்கள். நகைச்சுவைக் கதையை வாயால் சொல்லி நம்பவைப்பது கஷ்டம். சொல்லும்போது சிரிப்பவர், அறையை விட்டு வெளியே போனதும் எதற்குச் சிரித்தோம் என்பதை மறந்துவிடுவார்.

நடித்துக்கொண்டே இயக்குவதில் நேரும் முதல் தவறு, தன் ஷாட்டைத் தானே நினைவில் வைத்து மதிப்பிடுவது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் 1960-ல் 'தி பெல்பாய்' எடுத்தபோது, ஃபிலிம் கேமராவோடு வீடியோ கேமராவையும் சேர்த்து வைத்து, நடித்த கையோடு மானிட்டரில் பார்த்துக்கொண்டார். இன்று மானிட்டர் எல்லா செட்டிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு டேக்கையும் போட்டுப் பார்த்தால் பாதி நாள் போய்விடும். உங்கள் நகைச்சுவைக்குச் சிரிக்காத ஓர் அசோசியேட் இயக்குநரை மானிட்டரில் உட்காரவையுங்கள். அவர் வேண்டும் என்றால் மட்டும் பாருங்கள்.

இரண்டாவது தவறு, எல்லாச் சிரிப்பையும் தனக்கே எழுதிக்கொள்வது. இத்தனை வருடம் நாயகனுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் வசனம் சொன்னவர் முகத்தைவிட அதைக் கேட்டவர் முகத்தில்தான் பெரும்பாலும் சிரிப்பு பிறக்கிறது. கேட்பவரின் ரியாக்‌ஷனைத் தனி க்ளோசப்பாக, வசனம் முடிந்த பிறகும் ஐந்து விநாடி ஓடவிட்டு எடுத்து வையுங்கள். எடிட்டிங்கில் நொடிக்கு 24 ஃபிரேம். அதில் ஆறு ஃபிரேம் முன்னால் வெட்டினால் சிரிப்பு வராது. பத்து ஃபிரேம் கூடுதலாக நின்றால் அசடு வழியும். எடுத்து வைத்திருந்தால்தானே அந்த ஃபிரேம்களைத் தேட முடியும்?

இனி வீடு. காரைக்குடியில் படம் எடுப்பது புதிதல்ல. ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் 'நாம் இருவர்' படத்தை (1947) தேவகோட்டை ரஸ்தாவில்தான் எடுத்தார். ஆனால் அது படத்துக்கென்று போட்ட ஸ்டுடியோ. நீங்கள் எடுக்கப்போவதோ பங்கு வீடு. உங்களுக்கு ஒரு பங்கு இருக்கலாம். வளவும் முகப்பும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பவர் உட்பட ஒவ்வொரு பங்காளியிடமும் தேதி, எந்தெந்தக் கட்டு, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் போட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு பங்காளி மூன்றாம் நாள் வந்து கதவைப் பூட்டினால் முழு யூனிட்டுக்கும் அன்றைய பேட்டாவும் (தினப்படி) வாடகையும் வீண். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) வரும் நாட்களை முதலிலேயே கேட்டு ஒதுக்கிவிடுங்கள்.

வளவில் உச்சி வெயில் நேரே முற்றத்தில் விழும், அதை ஒட்டிய கூடமான பட்டாலை இருட்டாகிவிடும். ஒரே ஷாட்டில் முற்றம் வெளுத்து, தூணுக்குப் பின்னால் நிற்பவர் முகம் கறுத்துப் போகும். முற்றத்துக் காட்சிகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு, நடுப்பகலில் இரண்டாங்கட்டு அறைகளுக்குள் போங்கள். வேறு வழியில்லை என்றால் முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கல்தூண், வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் எல்லாமே ஒலியை எதிரடிக்கும். லைவ் சவுண்டில் வசனத்தின் கடைசி எழுத்து காதில் விழாது. நகைச்சுவைக்கு அந்தக் கடைசி எழுத்துதான் முக்கியம். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் தரை முழுக்கச் சமுக்காளம் விரியுங்கள், பின்னால் கம்பளி தொங்கவிடுங்கள். எதிரொலியும் குறையும், டிராலியும் லைட் ஸ்டாண்டும் கல்லைக் கீறாது. ஆத்தங்குடிக் கல் சிமென்டில் வார்த்தது. ஒரு கல் உடைந்தால் அதே பூவும் அதே நிறமும் பழைய தேய்மானத்தோடு கிடைக்காது. ஸ்டாண்ட் கால்களுக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

பணம் போட ஆள் வந்த பிறகும் பட்ஜெட்டை நீங்கள் படிக்க வேண்டும். மொத்தத்தில் முப்பது சதவீதத்தை எடிட்டிங், டப்பிங், டி.ஐ. (நிறம் திருத்துதல்), பின்னணி இசை, மிக்ஸிங் என்று முதல் நாளே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்து சதவீதம் எதிர்பாராததற்கு. படப்பிடிப்போடு காசு தீர்ந்து ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கும் படங்கள் ஏராளம். தினமும் படப்பிடிப்பு முடிந்ததும் அன்றைய செலவைப் பேரேட்டில் ஏற்றச் சொல்லி, வாரம் ஒருமுறை ஐந்தொகை (இருப்பும் கடனும் காட்டும் கணக்கு) கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காளைக்கு அனுமதி நிச்சயம் வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியத்தில் படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். காளையின் உடல்நலத்துக்குக் கால்நடை மருத்துவர் சான்றும், அது எந்தக் காட்சியில் என்ன செய்கிறது என்ற விவரமும் கேட்பார்கள். எடுத்து முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் சென்சாரில் காட்சியே போய்விடும். சிராவயல் மஞ்சுவிரட்டில் கேமராவை வைத்துக் கூட்டத்தோடு கூட்டமாக எடுத்து ஒட்டிவிடலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். சான்றிதழுக்குப் போகும்போது அந்தக் காளைக்கும் கணக்குக் கேட்பார்கள். காளையை வாடியிலேயே (அவிழ்த்துவிடும் வாசல்) நிறுத்தி, சத்தத்தையும் ஓடுகிறவர்கள் முகத்தையும் வைத்து அந்தக் காட்சியை எழுத முடியுமா என்று பாருங்கள். மாதிரிப் படத்துக்கான இரண்டு காட்சிகளில் ஒன்றாக இதையே எடுத்துக்கொள்ளலாம்.