மூன்று நொடிக்குள் போய்விட்டவர்கள்

வணக்கம் சார்,

நான் சின்ன அளவில் மொத்த வியாபாரம் செய்கிறேன். தொழில் அனுபவங்களையும் நாட்டு நடப்பையும் வாரம் ஒரு கட்டுரையாக இணையத்தில் எழுதி வருகிறேன். படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இப்போது முன்னூறு பேர் படித்தாலே பெரிய விஷயம். “இனி எவனும் படிக்க மாட்டான், வீடியோவுக்கு மாறு” என்கிறார் நண்பர். சோதனைக்காக போனிலேயே ஒன்று எடுத்துப் போட்டேன். ஒரே நாளில் நாலாயிரம் பார்வைகள்! கேமரா, எடிட்டர் சம்பளம் என்று வியாபாரப் பணத்தில் கொஞ்சம் எடுத்து இறங்கலாமா? நீங்கள் ஏன் அன்றாடச் செய்திகளைப் பற்றி உடனுக்குடன் எழுதுவதில்லை? எந்தப் பத்திரிகையை நம்பலாம்?

மு.

அன்புள்ள மு.,

கடைசி இரண்டு கேள்விகளையும் முதலில் தள்ளிவிடுகிறேன். உடனுக்குடன் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், எனக்கு ஒரு செய்தி புரியவே பத்து நாள் ஆகிறது. பத்திரிகை என்றால், தப்பாகப் போட்டதைத் திருத்திவிட்டு, திருத்தியதை வெளியே சொல்லவும் செய்கிற எதையும் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நாலாயிரத்துக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சரக்கு எடுக்கும்போது தராசை ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பீர்களா? இந்த நாலாயிரத்தை யார் எண்ணினார்கள், எதைப் பார்வை என்று எண்ணினார்கள் என்று ஏன் உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை?

கொஞ்ச நாளாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் பேஸ்புக் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. ஒரு வீடியோவை ஆட்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று இரண்டு வருடமாக அது காட்டி வந்த எண் தப்பு. எப்படித் தப்பு என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். பத்து பேர் உங்கள் வீடியோவுக்கு வருகிறார்கள். ஏழு பேர் ஒரு நொடியில் போய்விடுகிறார்கள். மூன்று பேர் ஆளுக்கு 20 நொடி பார்க்கிறார்கள். மொத்தம் 67 நொடி. பத்தால் வகுத்தால் ஏழு நொடிகூடத் தேறாது. அவர்கள் வகுத்ததோ மூன்று நொடியாவது பார்த்தவர்களின் எண்ணிக்கையால். அதாவது மூன்றால். வருவது 22 நொடிக்கு மேல்! இது என் உதாரணம்தான்; நிஜத்தில் மிகைக் கணக்கு 60 முதல் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஒரு பெரிய விளம்பர நிறுவனத்திடம் அவர்களே சொன்னார்கள்.

சரி, ஒப்புக்கொண்டாயிற்று, எல்லோரும் விழித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அடுத்த வருடம், 2017இல்தான், எம்டிவி நியூஸ், வோகடிவ், மிக் என்ற அமெரிக்கச் செய்தித் தளங்கள் எல்லாம் எழுதுகிற ஆட்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டு வீடியோவுக்குத் திரும்பின. அந்த ஒரு எண்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீடியோவுக்கு விளம்பரக்காரர்கள் அதிக விலை கொடுத்ததும் காரணம். 2018 ஜனவரியில் பேஸ்புக் இன்னொரு முடிவெடுத்தது. இனி நண்பர்கள், குடும்பத்தினர் போடுவதுதான் முதலில் வரும், செய்தி நிறுவனங்கள் போடுவது பின்னால். அந்த நவம்பரில் மிக் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரையும் அனுப்பிவிட்டு விற்கப்பட்டது. அந்தத் தப்பு எண்ணுக்காக விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் 4 கோடி டாலருக்குச் சமரசமானது, வேண்டுமென்று ஏமாற்றியதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை போனவர்கள் அந்த வழக்கிலேயே இல்லை.

அந்த ஏழு பேரைத்தான் என்னால் விட முடியவில்லை. வந்தார்கள், பிடிக்கவில்லை, போனார்கள். ஒரு தொழில்காரனுக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் என்ன இருக்கிறது?

இளவயதில் ஒரு வணிகப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சந்தாப் பிரிவில் ஒரு பெரியவர். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயரை உதவியாளர் எழுதிக்கொள்வார். சந்தாவைப் புதுப்பிக்காதவர்களின் பட்டியலை மட்டும் பெரியவர் தன் மேஜையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு அட்டை எழுதுவார், ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று. பெரும்பாலும் பதில் வராது. ஒருவர் எழுதியிருந்தார்: உங்கள் விலைப்பட்டியல் என் கைக்கு வரும்போது நான் சரக்கு வாங்கி முடித்திருக்கிறேன். பெரியவர் அதை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். ரொம்பச் சண்டை. கடைசியில் அச்சுக்குப் போகும் நாளை முன்னால் கொண்டுவந்தார்கள். (வியாபாரிக்குச் செய்தி வேண்டிய நேரத்தில் வேண்டும். பின்னால் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தை ஆரம்பித்த ராய்ட்டர், 1850இல் ஜெர்மனியின் ஆகனுக்கும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவில் தந்திக் கம்பி இல்லாத இடத்தில் புறாக்கள் மூலம் பங்கு விலையை அனுப்பியது இதற்காகத்தான். காசு கொடுத்து வாங்கினார்கள், ஏனென்றால் அதை வைத்து அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார்கள்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியாபாரப் பணத்தைத் தொடாதீர்கள். பேசப் பிடித்தால் இருக்கிற போனிலேயே பேசுங்கள், யார் வேண்டாம் என்றது?

உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். கடனுக்குச் சரக்கு கொடுத்து, வாங்கியவர் கடையைப் பூட்டிக்கொண்டு போனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை எழுத வேறு யாராலும் முடியாது. கடைசிப் பத்தியில் உங்கள் அப்பாவிடம் அதைச் சொல்லாமல் மறைத்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் சமீபத்தில் எழுதியவை எல்லாம் முந்தின நாள் தலைப்புச் செய்திக்கு உங்கள் கருத்து. அந்தக் கருத்தைக் காலையிலேயே பத்து இடத்தில் படித்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார்கள். பிறகு ஏன் இருக்கப்போகிறார்கள்? படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறீர்கள். போனவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? கருத்துப் பெட்டியை மூடி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு எழுத மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பக்கம் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. முதலில் அதைப் போடுங்கள்.