கேள்வி-பதில்: திருத்திய டிக்கெட், நஷ்டம் யாருக்கு?

கேள்வி: பாலக்காட்டில் பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்து லாட்டரி விற்கிறேன். 2,000 ரூபாய் விழுந்திருப்பதாகச் சொல்லி ஒருவர் காருண்யா என்ற கேரள அரசு வார லாட்டரியின் டிக்கெட் ஒன்றை நீட்டினார். செய்தித்தாளில் எண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பத்து டிக்கெட்டும் மீதிப் பணமும் வாங்கிப் போய்விட்டார். ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, கடைசி எண் திருத்தப்பட்டது என்று சொல்லி முழுத் தொகையையும் என் பற்றில் எழுதிவிட்டார். அரசு ஈடு தராதா?

பதில்: தராது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. சேதமான, திருத்திய டிக்கெட்டுக்கு லாட்டரித் துறை பணம் கொடுப்பதில்லை. மாவட்ட லாட்டரி அலுவலகத்தில் ஏஜென்ட் பணம் கட்டி டிக்கெட் எடுக்கிறார், அவரிடமிருந்து உங்களைப் போன்றவர்கள் வாங்குகிறீர்கள். 1967-இல் கேரள அரசு லாட்டரியைத் தொடங்கியது முதல், தெருவில் நடப்பவர்களின் கால்களால்தான் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் குலுக்கல் முடிந்தபின் கையில் மிஞ்சும் டிக்கெட்டும், ஏமாந்து வாங்கிய டிக்கெட்டும் கடைசியில் நடப்பவரின் தலையில்தான் விழுகின்றன. முழுத் தொகையையும் உங்கள் பற்றில் எழுதியது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாதியை ஏஜென்ட் ஏற்க வேண்டும், அல்லது தவணையாகப் பிடிக்க வேண்டும் என்று நேரில் கேளுங்கள். உங்களால்தான் அவருக்கும் வியாபாரம்.

அந்த டிக்கெட்டைக் கிழிக்க விடாதீர்கள். திரும்ப வாங்கி ஓர் உறையில் போட்டு, நாள், நேரம், இடம் எழுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இது மோசடிக் குற்றம். பஸ் நிலையத்தின் கேமராப் பதிவு அழிவதற்குள் போய்விடுங்கள்.

இனி எப்படிப் பார்ப்பது? பலர் கடைசி நான்கு எண்களை மட்டும் பார்க்கிறார்கள். ஏமாற்ற வருகிறவனுக்கு அதுவே போதும். 3-ஐ 8 ஆக்குவது அரை நிமிட வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து தெரியும். விரல் நுனியால் தடவினால் சொரசொரப்பு தட்டும். திருத்தவே தேவையில்லாத ஏமாற்றும் உண்டு. காருண்யா சனிக்கிழமை, காருண்யா பிளஸ் வியாழக்கிழமை. ஒன்றின் டிக்கெட்டை இன்னொன்றின் முடிவோடு ஒப்பிட வைப்பார்கள், அல்லது போன வாரத்து டிக்கெட்டை நீட்டுவார்கள். ஆகவே முதலில் லாட்டரியின் பெயர், பிறகு குலுக்கல் எண்ணும் தேதியும், அதன் பிறகே பரிசு எண். எண் பொருந்தினாலும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். உங்களிடம் அதற்கான போன் இல்லையென்றால், "கடைக்கு வாருங்கள், அங்கே தருகிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையாகப் பரிசு விழுந்தவர் பத்தடி நடக்கத் தயங்கமாட்டார். பார்வை குறைந்த விற்பனையாளர்களையே இந்தக் கூட்டம் தேடிப் பிடிக்கிறது. உங்களோடு விற்பவர்களில் அப்படி யாரேனும் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

லாட்டரி ஏஜென்டுகள், விற்பனையாளர்களுக்கான நல நிதி வாரியத்தில் நீங்கள் உறுப்பினரா? இல்லையென்றால் மாவட்ட லாட்டரி அலுவலகத்திலேயே விசாரித்துச் சேருங்கள்.

கேள்வி: கோவையில் இருக்கிறேன். கேரள லாட்டரி டிக்கெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணம் போட்டால் "டிக்கெட் உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும்" என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேரள லாட்டரி காகித டிக்கெட் மட்டுமே. துறை அதை இணையத்தில் விற்பதில்லை. பரிசு கேட்கும் உரிமை அந்தத் தாளில் இருக்கிறது, படத்தில் இல்லை. ஒரே டிக்கெட்டின் படத்தை இருபது பேருக்கு அனுப்பினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருப்பதால், பணம் போனபின் புகார் கொடுக்கவும் தயங்குவீர்கள். அவர் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

கேரளத்துக்குப் போகும்போது கடையில் வாங்கினால், அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். வாங்கிய கையோடு பின்பக்கத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திடுங்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசை அங்குள்ள லாட்டரிக் கடைகளிலேயே வாங்கலாம். அதற்கு மேல் என்றால் அடையாளச் சான்றுடன் வங்கியிலோ லாட்டரி அலுவலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். எதுவானாலும் குலுக்கல் நாளிலிருந்து 30 நாட்கள்தான் கெடு.