வாசகர் கேள்வி பதில்: இரட்டையர் டென்னிஸை நம்பிப் பிழைக்கலாமா?

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் 4 பயில்கிறான். எங்கள் தோட்டத்துப் பழைய கிளப் திடலில் டென்னிஸ் பழகியவன், பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் இரட்டையர் பிரிவில் மட்டும் வென்று வருகிறான். ஒற்றையரில் இரண்டாம் சுற்றைத் தாண்டுவதில்லை. இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள இயலுமா?
(ஒரு தந்தை, சுங்கை சிப்புட்)

பதில்: இயலும். ஆயினும், நம் மலேசியாவில் இரட்டையர் என்றதும் 2022இல் உலகப் பூப்பந்துப் பட்டத்தை வென்ற ஆரோன் சியா, சோ வூய் யிக் இணையே நினைவுக்கு வருவதால், ஒரு வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பூப்பந்தில் தேசியக் குழுவுக்குள் வந்துவிட்ட பிள்ளைக்கு யாரோடு சேர்ந்து ஆடுவது என்பதைப் பயிற்றுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். பயணத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரரோ தானே முதலாளி, தானே கூலி. இணையைத் தேடுவதும், விமானச் சீட்டு வாங்குவதும் அவர் பாடு.

இணை தேடுவதில் நட்பைவிடக் கணக்கே முந்தி நிற்கும். தரவரிசைப் புள்ளிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சேர்கின்றன. போட்டியில் இடம் உண்டா என்பது இருவரின் தரவரிசை எண்களைக் கூட்டிப் பார்த்து முடிவாகிறது. ஒருவர் 60ஆம் இடத்திலும் மற்றவர் 300ஆம் இடத்திலும் இருந்தால் கூட்டுத்தொகை 360. இத்தொகை குறைவாக உள்ள இணைக்கே முதலில் இடம். ஆகவே 60ஆம் இடத்துக்காரர் பெரும்பாலும் தம்மை ஒத்தவரையே நாடுவார். அந்தக் கூட்டலில் இரட்டையர் எண்ணைவிட ஒற்றையர் எண் சிறந்ததாக இருந்தால் அதையே கணக்கில் காட்டலாம். தங்கள் மகன் ஒற்றையரைக் கைவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வருமானமும் தொடக்கத்தில் மிகச் சொற்பம். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் நடத்தும் உலகச் சுற்றின் அடிப்படியில் 15,000 அமெரிக்க டாலர் போட்டி என்றால், அது ஒற்றையர், இரட்டையர் என்று எல்லாருக்கும் பங்கிடப்படும் மொத்தத் தொகை. இரட்டையர் பட்டம் வென்ற இருவரும் சேர்ந்து பெறுவது ஆயிரம் டாலரைக்கூட எட்டாது.

காத்திருக்கத் தெரிந்தவருக்கு இத்தொழில் நீண்டது என்பதற்கு இந்திய ஆட்டக்காரர் ரோகன் போபண்ணா சான்று. கர்நாடகத்தின் குடகு மலைக் காப்பித் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் (லயத்துப் பிள்ளையல்லர், தோட்ட உரிமையாளர் வீட்டுப் பிள்ளை என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை) ஒற்றையரில் முதல் 200 இடங்களுக்குள் ஒருபோதும் வந்ததில்லை. 2010இல் பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை சென்று பிரையன் சகோதரர்களிடம் தோற்றவர், ஆடவர் இரட்டையரில் தம் முதல் கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் பெரும் போட்டிகள் நான்கில் ஒன்று) பட்டத்தை 2024 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில், மேத்யூ எப்டனோடு சேர்ந்து பெற்றபோது அவருக்கு வயது 43.

ஆனால் அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று தாங்கள் கேட்பீர்கள். எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் டென்னிஸ் உபகாரச் சம்பளத்துக்கு முயல்வதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. அங்கே அணிகள் மோதும்போது மூன்று இரட்டையர் ஆட்டங்களும் உண்டு என்பதால், நல்ல இரட்டையர் ஆட்டக்காரரை அவர்கள் ஒதுக்குவதில்லை. சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று ஆடியவர். 2024இல் சீனாவின் ஹாங்சோவில் விஜய் சுந்தர் பிரசாந்துடன் சேர்ந்து பட்டம் வென்றார்.

கேள்வி: நாற்பதைக் கடந்தவர்கள் இரட்டையரில் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?
(ஓர் ஆசிரியை, அதே ஊர்)

பதில்: திடலில் பாதியைக் காத்தால் போதும், நீண்ட ஓட்டத்தைவிடச் சர்வீசும், வலைக்கருகே நின்று பந்தை அடிக்கும் கைவேகமும் அங்கே பெரிது. ஆண்டு முழுதும் நடக்கும் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில் 40-40 என்றால், இரண்டு புள்ளி முன்னிலை தேவையின்றி, அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிகிறது; மூன்றாம் செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் எனும் குறுகிய முடிவாட்டம் ஆடுகிறார்கள். கிராண்ட்ஸ்லாம்களின் ஆடவர் இரட்டையரில் இச்சலுகை இல்லை, மூன்றாம் செட்டை முழுமையாக ஆட வேண்டும். போபண்ணாவின் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. ஐயங்கார் யோகப் பயிற்சியே தம்மை மீண்டும் நிற்க வைத்தது என்று அவரே கூறியிருக்கிறார்.